மண்ணில் பழைய தோட்டா கிடைத்தால்

திருகோணமலையில் வேலிக்குக் குழி தோண்டும்போது பழைய தோட்டா தலைகாட்டினால் வியப்பில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் இது. பின்னர் வந்த போரும் மிச்சம் வைத்துப் போயிருக்கிறது.

பச்சை பூத்த தோட்டா செத்துவிட்டது என்று நம்பாதீர்கள். அதன் அடிப்பகுதியின் நடுவில் இருக்கும் சிறு மூடிக்குள் உள்ள மருந்து, ஓர் அடியிலேயே பற்றிக்கொள்ளும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்தாலும் உயிரோடு இருக்கலாம். வலைக்கு ஈயம் ஆகும், பித்தளை விலைபோகும் என்று சுத்தியலை எடுக்காதீர்கள். குப்பையோடு எரிப்பது அதைவிட மோசம்: சூட்டில் வெடித்துப் பறக்கும் பித்தளைத் துண்டு கண்ணைப் பறித்துவிடும்.

தொடாமல் விலகுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, பொலிஸ் அவசர எண் 119க்கு அழையுங்கள்.