பழைய சாகுபடி நோட்டுகளைத் தேடிப் படிக்கும்படி கணினியில் ஏற்றுவது எப்படி?

காவிரி டெல்டாவில் பல வீட்டுப் பரண்களில் சாகுபடி நோட்டுகள் கிடக்கின்றன. நாற்று விட்ட நாள், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், ஒரு மா நிலத்துக்கு எத்தனை கலம் நெல் கண்டது என்று எல்லாம் அதில் இருக்கும். போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு பலர் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், படத்திலுள்ள எழுத்து கணினிக்கு வெறும் நிறப்புள்ளிகள்தான். 'கருங்குறுவை' என்று நெல் ரகத்தைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

முதலில் படம். ஈரம் பட்ட நோட்டை வெயிலில் போடாதீர்கள், தாள் முறுகிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் விரித்து உலர்த்துங்கள். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணத்தில். போன் என்றால் நேர் மேலிருந்து எடுங்கள். வெளிச்சம் இரு பக்கமும் சாய்வாக விழட்டும், ஓரத்தில் ஓர் அளவுகோல் கிடக்கட்டும். ஸ்கேன் செயலிகளின் கறுப்பு வெள்ளை வடிகட்டியை அணைத்துவிடுங்கள். மங்கிய ஊதா மையும் பென்சில் கூட்டல் குறிகளும் முதலில் அழிவது அதில்தான்.

300 டிபிஐயில் ஏ4 பக்கம் ஒன்று 2480 × 3508 புள்ளிகள். சுருக்காத வண்ணப் படமாக வைத்தால் சுமார் 26 எம்பி, 200 பக்க நோட்டுக்கு 5 ஜிபிக்கு மேல். அதே நோட்டைத் தட்டச்சு செய்தால், பக்கத்துக்கு 1500 குறிகள், யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் என்று கணக்கிட்டாலும், 1 எம்பிகூட வராது. இரண்டும் வேண்டும்: படம் சான்று, எழுத்து தேடுவதற்கு.

கோப்புப் பெயரில் கதை எழுதாதீர்கள். '003-0014' போதும்: மூன்றாம் நோட்டு, பதினான்காம் பக்கம். முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் பல நிரல்கள் 10-ஐ 2-க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஊர், பருவம், ரகம் எல்லாம் தனி அட்டவணைக்குப் போகட்டும்.

எழுத்தாக்குவதில்தான் வேலையே இருக்கிறது. அச்சுப் புத்தகமாக இருந்தால் கூகுள் டிரைவோ டெசராக்ட் நிரலோ எழுத்துணரி வேலையை, அதாவது படத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்குவதை, செய்துவிடும். கையெழுத்து நோட்டைப் பெரும்பாலும் தட்டச்சுதான் செய்ய வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் றா, ணை, லை போன்றவற்றின் பழைய வடிவங்களில் எழுத்துணரி தடுமாறும். துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்வது அதன் தீராத வியாதி. 'வரம்பு' 'வாம்பு' ஆகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் மோசம். 'பௌர்ணமி' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து 'பெளர்ணமி' என்று அடிக்கிறார்கள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், கணினிக்கோ வெவ்வேறு சொற்கள். ஒகர உயிர்மெய்யையும் ஒரே குறியாகவோ, கொம்பு தனி கால் தனியாகவோ சேமிக்க முடியும். தேடுமுன் கோப்பு முழுவதையும் என்எஃப்சி வடிவுக்கு (ஒரே எழுத்தை எங்கும் ஒரே குறியமைப்பில் வைக்கும் முறை) மாற்றினால் இந்த ஒகரச் சிக்கல் தீரும். ஔகார–ளகரக் குழப்பம் அதில் தீராது, கையால்தான் தேடி மாற்ற வேண்டும். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய கோப்பு வேறு ரகம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் தமிழ் வேஷம் கட்டுகிறது. எழுத்துரு மாற்றியில் ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு முழுவதையும் தமிழ் எழுத்துக்கென்றே தனி எண் உள்ள யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

அட்டவணையில் ஒரு நெடுவரிசைக்கு ஒரே செய்தி. ரகத்துக்கு இரண்டு நெடுவரிசை வையுங்கள்: நோட்டில் உள்ளபடி ஒன்று, நீங்கள் முடிவுசெய்த ஒரே எழுத்துக்கூட்டலில் இன்னொன்று. சீரகச் சம்பா, சீரக சம்பா, சீரகசம்பா என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அளவையும் அப்படியே. நிலத்துக்கு 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி; நெல்லுக்கு 12 மரக்கால் ஒரு கலம். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். மூல அளவை அழித்துவிட்டு கிலோவை மட்டும் எழுதினால் பின்னால் திருத்த வழியே இல்லை.

ஆண்டில் பலர் சறுக்குவார்கள். 'ஈஸ்வர வருஷம் தை' என்றிருந்தால் ஈஸ்வர ஆண்டு 1877, 1937, 1997 மூன்றிலும் தொடங்கியது. சித்திரையில் தொடங்கும் ஆண்டு என்பதால் அந்தத் தை தொடங்குவது 1878, 1938, 1998 ஜனவரியில். நோட்டில் மேட்டூர்த் தண்ணீர் பற்றிப் பேச்சு இருந்தால் 1878 தானாக விழுந்துவிடும், அணை கட்டி முடிந்தது 1934-இல். ஊகித்த ஆண்டு என்றால் பக்கத்து நெடுவரிசையில் 'ஊகம்' என்று குறியுங்கள்.

அட்டவணையைச் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது எக்செலில் 'யுடிஎஃப்-8' என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகலாம். ரகப் பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது ன, ற, ழ இடம் மாறி நின்றால் பதற வேண்டாம். யூனிகோட் எண்வரிசை நம் அகரவரிசை அல்ல, தமிழ் வரிசைமுறை தெரிந்த நிரல் வேண்டும்.

நகல் மூன்று, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று டெல்டாவுக்கு வெளியே. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை: ஒரே தெருவில் மூன்று வீட்டில் வைத்தால் அது ஒரு நகல்தான். பென்டிரைவை நீண்டகாலச் சேமிப்பாக நம்பாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) எடுத்து வைத்து, ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் தொடங்குமுன், ஒப்பிடுங்கள். ஒரு பைட் கெட்டிருந்தாலும் எண் மாறிவிடும்.

பகிரும் முன் கடன் கணக்கு, எல்லைத் தகராறு உள்ள பக்கங்களைப் பிரித்துவிடுங்கள். பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் வரைந்தால் அடியிலுள்ள எழுத்து அப்படியே இருக்கும். மறைத்த பக்கத்தை மீண்டும் படமாக்கிச் சேருங்கள். வெளியாகாத நோட்டுக்குக் குடும்பத்தாரின் எழுத்துமூல ஒப்புதல் வாங்குங்கள். அச்சான நூலுக்கு, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். அத்தகைய நூலைத் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றலாம். நோட்டுக்கு இணைய ஆவணகம் (archive.org) பொருந்தும். விக்கிப்பீடியாவில் நோட்டை நேரடியாகச் சான்று காட்டினால் நீக்கிவிடுவார்கள், அங்கே வெளியான ஆதாரம்தான் செல்லும்.