பைக் டேங்க்ல ஊறிப்போன வார்னிங் ஸ்டிக்கரை பெயின்ட் போகாம எடுக்குறது எப்படி

புது பைக் எடுத்தா டேங்க் மேல ஹெல்மெட் போடு, மேனுவல் படின்னு ஸ்டிக்கர் ஒட்டித்தான் தர்றாங்க. வந்த புதுசுலயே எடுத்தா சுலபமா வந்துரும், ஆனா நிறைய பேர் வருஷக்கணக்கா விட்டுட்டு அப்புறம் ஒருநாள் நகத்தால சுரண்ட ஆரம்பிக்கிறாங்க, அதுக்குள்ள காசிமேட்டு உப்புக்காத்தும் நம்ம சென்னை வெயிலும் சேந்து மேல இருக்குற ஷீட்டு மொறமொறன்னு ஆகி, அடில பசை இறுகிப்போய், சின்னச் சின்ன துண்டா பிஞ்சுதான் வரும். அந்தக் கடுப்புல பிளேடு, சாவி, ஸ்க்ரூ ட்ரைவர்னு எடுக்காதீங்க. டேங்க் கலருக்கு மேல பாதுகாப்புக்கு அடிக்கிற கிளியர் கோட்ங்கிற நிறமில்லாத பூச்சு பொதுவா ஒரு தலைமுடி தடிமன் கூட இருக்காது, அதுல ஒரு கீறல் ஆழமா விழுந்துட்டா எந்த பாலிஷும் அதை நிரப்பாது.

முதல்ல பாக்க வேண்டியது ஸ்டிக்கரை இல்ல, பெயின்ட்டை. கம்பெனி பெயின்ட்டா, இல்ல எங்கயாவது பட்டறைல டச்சப் பண்ணதா? செகண்ட் ஹேண்ட்ல வாங்குன வண்டின்னா கண்டிப்பா செக் பண்ணுங்க. நீங்க எந்த லிக்விட் யூஸ் பண்ணப்போறீங்களோ அதை ஒரு வெள்ளைத் துணில தொட்டு, சீட்டுக்கு அடில மறைஞ்சிருக்குற டேங்க் ஓரத்துல லேசா தேய்ச்சு பாருங்க, துணில கலர் வந்தாலோ அந்த இடம் பிசுபிசுன்னு ஆனாலோ அது அந்த வண்டிக்கு ஆகாது. பட்டறைல என்சி பெயின்ட் (நைட்ரோசெல்லுலோஸ், தின்னர்ல கரையுற பழைய வகை) அடிச்சிருந்தா தின்னர் பட்ட உடனே கரைஞ்சுரும், பெட்ரோல் கூட ரிஸ்க்தான்.

அடுத்து ஸ்டிக்கர் ஓரத்துல விரலை ஓட்டி பாருங்க. விளிம்பு நகத்துல தட்டுப்படுதுன்னா மேல ஒட்டுனது, எடுக்கலாம். மழமழன்னு போகுதுன்னா ஸ்டிக்கருக்கு மேலயே கிளியர் கோட் அடிச்சிருக்காங்க, அதை எடுக்கணும்னா டேங்க்கை ரீபெயின்ட் பண்றதுதான் வழி, அப்படியே விட்டுருங்க.

இன்னொண்ணு, எல்லாத்தையும் உரிக்கணும்னு அவசியம் இல்ல. டயர் பிரஷர் எவ்ளோன்னு செயின் கவர் பக்கமோ, பின்சக்கரத்தை பிடிச்சிருக்குற ஸ்விங் ஆர்ம்லயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பெட்ரோல் மூடி பக்கத்துல இ20-ன்னு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஒண்ணு இருக்கும், ரெண்டும் உபயோகமானது. ஹேண்டில் பார் சேசிஸோட சேர்ற ஹெட்ஸ்டாக் பக்கம் இருக்குற சேசிஸ் நம்பர் பிளேட்டு, ஹெச்எஸ்ஆர்பிங்கிற ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்டு இதுல எல்லாம் கையே வைக்காதீங்க.

இப்ப வேலைக்கு வருவோம். முதல்ல வண்டியை நல்லா கழுவுங்க. எண்ணூர், மணலி பக்கம் ஓட்டுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், அங்க படியுற சாம்பல் தூசியும் லாரி ரோட்டு மண்ணும் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும், அது மேல துணி வெச்சு தேய்ச்சா ஸ்டிக்கர் வர்றதுக்கு முன்னாடியே டேங்க் முழுக்க வட்ட வட்டமா கோடு விழுந்துரும். தண்ணிய மேல இருந்து ஊத்தி தூசி ஓடுன பிறகுதான் ஷாம்பு போடணும்.

அப்புறம் சூடு. பாதி வேலையை சூடுதான் செய்யும், ஏன்னா இந்தப் பசை சூட்டுல இளகும், குளிர்ல இறுகும். நம்ம ஊர்ல அதுக்கு மெஷினே தேவை இல்ல, காலைல ஒரு பத்து மணி வெயில்ல அரைமணி நேரம் நிறுத்துங்க போதும், டேங்க் கை வெச்சா தாங்குற அளவு சூடா இருக்கணும். உடனே நிழலுக்கு தள்ளிட்டு வந்து ஆரம்பிங்க. மத்தியான வெயில்லயே உக்காந்து பண்ணா போடுற லிக்விட் எல்லாம் நொடியில காஞ்சு கறையா நிக்கும். மழைக்காலம்னா சுடுதண்ணில துணிய நனைச்சு பிழிஞ்சு ஸ்டிக்கர் மேல போட்டு வைங்க, ஆறுனா மாத்துங்க. ஹேர் ட்ரையர் ஓகே, ஆனா டேங்க் மூடில காத்து போற ஓட்டை இருக்கு, சூடானா பெட்ரோல் ஆவி அது வழியா வெளிய வரும், அதனால திறந்த வெளில வெச்சு, மூடிகிட்ட போகாம, பெட்ரோல் வாசனை கொஞ்சம் வந்தாலும் நிறுத்திருங்க. ஹீட் கன் 500 டிகிரிக்கு மேல போகும், அது பெட்ரோல் டேங்க் பக்கமே வேணாம். லைட்டர் காட்டுறவங்களையும் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, உயிர் போற விஷயம்.

இளகுன பிறகு ஒரு மூலையை நகத்தாலயோ பழைய ஏடிஎம் கார்டாலயோ தூக்குங்க. இழுக்கும்போது மேல் பக்கமா வெடுக்குன்னு இழுக்காம, ஸ்டிக்கரை அது மேலயே மடிச்சு டேங்க்கை ஒட்டுன மாதிரி மெதுவா பின்னாடி இழுக்கணும், நேரா மேல இழுத்தா பட்டறை பெயின்ட் அதோட சேந்து வந்துரும். இறுகுதுன்னு தோணுனா நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்க. தடிமனான பேட்ஜ், ஃபோம் டேப்புல ஒட்டுனது எல்லாத்துக்கும் தூண்டில் தங்கூஸ் நரம்பு ஒரு முழம் போதும், ராயபுரம் பக்கம் வலை சாமான் விக்கிற கடைல கேட்டா குடுப்பாங்க, அதை ரெண்டு கைல பிடிச்சு பேட்ஜுக்கு அடில விட்டு ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தா பசை மட்டும் அறுபட்டு வரும், அப்பவும் பெயின்ட்டை அழுத்தாம பசை நடுவுல ஓட விடுங்க.

மிச்ச பசைக்கு முதல் சாய்ஸ் தேங்கா எண்ணெய். துணில தொட்டு பசை மேல போட்டு கால்மணி நேரம் ஊற விட்டு, கட்டை விரலால உருட்டுனா சுருண்டு சுருண்டு வரும். வரலேன்னா டபிள்யூடி-40, இல்ல பெயின்ட் கடைல கிடைக்கிற டர்பன்டைன். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல சர்க்யூட் போர்டு கிளீன் பண்ண விக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நல்லது, கடைசியா எண்ணெய் பிசுக்கு எடுக்க அதுதான் பெஸ்ட். நெயில் பாலிஷ் ரிமூவர், என்சி தின்னர் ரெண்டும் வேணவே வேணாம். ஹெட்லைட் கண்ணாடி, வைசர் மாதிரி பிளாஸ்டிக்ல பெட்ரோல் கூட படக்கூடாது, உள்ளுக்குள்ள நூல் நூலா விரிசல் விடும். ஸ்விங் ஆர்ம் பக்கம் வேலை செஞ்சா பிரேக் டிஸ்க்கையும் டயரையும் கவர் போட்டு மூடிருங்க, எண்ணெய் ஸ்ப்ரே டிஸ்க்ல பட்டா பிரேக் பிடிக்காது.

பழைய புல்லட் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு ஃபேக்டரில இருந்து வந்த அந்த வண்டிகள்ல டேங்க் ஓரத்துல இருக்குற தங்கக் கோடு கையால வரைஞ்சது, நம்ம ஏரியா ஆளுங்க கைவேலை அது, எந்த லிக்விடும் அது மேல ஓடாம மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு ஆரம்பிங்க.

பளபளப்பு இல்லாத மேட் பெயின்ட்னா இன்னும் கவனம், அழுத்தி தேய்ச்சா அந்த இடம் மட்டும் பளபளன்னு ஆயிரும், திரும்ப மேட் ஆகாது, பாலிஷ், வேக்ஸ் எதுவும் போடக்கூடாது.

எல்லாம் எடுத்த பிறகு ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசா, கட்டம் கட்டுன மாதிரி தெரியும். அது கறை இல்ல, சுத்தி இருக்குற பெயின்ட் வெயில்ல மங்கியிருக்கு, ஸ்டிக்கருக்கு அடில மங்கல, அவ்ளோதான். பளபள பெயின்ட்னா ஃபைன் பாலிஷ் வாங்கி சுத்தி இருக்குற இடத்தை லேசா கையாலயே தேய்ங்க, மெஷின் வேணாம், டேங்க் வளைவுகள்ல கிளியர் கோட் சீக்கிரம் தேஞ்சுரும். சிவப்பு கலர்ல இந்த வித்தியாசம் முழுசா போகாது, கொஞ்ச மாசம் வெயில்ல ஓட ஓடத்தான் சமமாகும். அந்த இடத்துல வேற ஸ்டிக்கர் ஒட்டப்போறீங்கன்னா வேக்ஸ் போடுறதுக்கு முன்னாடியே ஒட்டிருங்க, வேக்ஸ் மேல எதுவும் நிக்காது.