இறுகிப்போன டம்ளருக்கு ஒரு மாற்று யோசனை

ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் இறுகிக்கொண்டால் நாம் உடனே பலத்தைத்தான் காட்டுவோம். நானும் சமையல் மேடையில் தட்டித் தட்டி ஒரு டம்ளரின் விளிம்பை நெளித்தவன்தான்.

'எப்படி இழுப்பது?' என்பதை விட்டுவிட்டு, 'உள்ளே இருப்பது கொஞ்சம் சுருங்கினால்?' என்று யோசித்துப் பாருங்கள். உள் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றுங்கள். அப்புறம், வெளி டம்ளர் மட்டும் நனையும்படி வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். வெளியே இருப்பது சூட்டில் விரியும்; உள்ளே இருப்பது குளிரில் சுருங்கும். ஒரு நிமிடத்தில் எடுத்து, ஆறுவதற்குள் லேசாகத் திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கண்ணாடி டம்ளரில் மட்டும் கொதிநீர், ஐஸ் எல்லாம் வேண்டாம், விரிசல் விட்டுவிடும்.

திறக்க மறுக்கும் ஊறுகாய் பாட்டிலின் தகர மூடிக்கும் இதே கணக்குதான். மூடியை மட்டும் வெந்நீரில் காட்டுங்கள்.