தேடலில் அகப்படாத அரபுச் சொற்கள்: குறியெண்களைச் சரிசெய்யும் முறை

பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்த அரபுச் சொல், திரையில் பிழையின்றித் தெரிந்தும் தேடலில் அகப்படவில்லை என்றால், எழுத்துருவைச் சந்தேகிக்கும் முன் அதன் குறியெண்களை, அதாவது கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்களைப் பாருங்கள். எக்செல்லில் உள்ள யூனிகோட் என்னும் சார்பில் (ஃபங்ஷன்) ஓர் எழுத்தை இட்டால், அதன் எண் பதின்ம முறையில் கிடைத்துவிடும்.

'பா' என்னும் அரபு எழுத்து தனித்தும், சொல்லின் முதலிலும், இடையிலும், கடையிலும் வெவ்வேறு வடிவம் கொள்கிறது. ஆயினும் உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அதற்குரிய அடிப்படை எண் 1576 ஒன்றே, அது யூ.டி.எஃப்.-8 என்னும் சேமிப்பு முறையில் 216, 168 என்னும் இரண்டு பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. எந்த வடிவத்தைக் காட்டுவது என்பதை, அண்டை எழுத்துகளைப் பார்த்து மென்பொருளும் எழுத்துருவும் முடிவு செய்கின்றன. நம் 'கெ'யில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் ககரத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது அல்லவா, அதைப் போன்றதுதான் இது. பழைய குறிமுறைகளோடு ஒத்துப்போவதற்காக அந்த நான்கு வடிவங்களுக்கும் 65167 முதல் 65170 வரை தனி எண்களும் தரப்பட்டுள்ளன. உங்கள் சொல்லில் இத்தகைய ஐந்திலக்க எண்கள் வந்தால், கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் சார்பை, இத்தகைய வடிவ எண்களை அடிப்படை எண்களாக்கும் என்.எஃப்.கே.சி. முறையில் இயக்கினால் இவை அடிப்படை எழுத்துகளாக மாறிவிடும். ஆனால் அதற்கு முன் வரிசையைச் சோதிப்பது அவசியம். சில கோப்புகளில் எழுத்துகள் படிக்கும் வரிசையில் அன்றி, இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். 'ஸலாம்' என்னும் சொல்லில் ஸீன், லாம், அலிஃப், மீம் ஆகியவை உள்ளன. நடுவில் உள்ள லாமும் அலிஃபும் 65276 என்னும் ஒற்றைக் கூட்டெழுத்தாக இருக்கக்கூடும். தலைகீழாகக் கிடக்கும் இச்சொல்லில் முதலில் கூட்டெழுத்தைப் பிரித்துவிட்டுப் பிறகு வரிசையைத் திருப்பினால், லாமும் அலிஃபும் இடம் மாறி, 'ஸலாம்' 'ஸாலிம்' ஆகிவிடும். அதுவும் முறையான சொல்லே என்பதால் எந்தச் சொல்திருத்தியும் பிழை என்று காட்டாது. ஆகவே வரிசையைத் திருப்பிய பின்னரே வடிவங்களை மாற்ற வேண்டும். சமய நூல்களில், நபிகள் நாயகத்தை வாழ்த்தும் ஸலவாத்து வாசகம் முழுவதையும் அடக்கிய 65018 என்னும் ஒற்றைக் குறி 18 குறியெண்களாக விரிந்துவிடும். அது அப்படியே நிற்க வேண்டுமானால் தனியே விலக்கி வையுங்கள்.

இதற்குப் பின்னும் சொல் அகப்படவில்லை என்றால் 'யா'வையும் 'காஃப்'பையும் பாருங்கள். அரபு மொழிக்கு 1610, 1603 என்றும், பாரசீகத்துக்கும் உருதுக்கும் 1740, 1705 என்றும் இவற்றுக்கு வேறு வேறு எண்கள் உள்ளன, என்.எஃப்.கே.சி. இவற்றைத் தொடுவதில்லை. உரை எந்த மொழியைச் சேர்ந்தது என்று பார்த்து நீங்களே மாற்ற வேண்டியதுதான்.