ரேமண்ட் சாண்ட்லரின் அறியப்படாத எழுத்தைத் தேடுவது எப்படி?

ஃபிலிப் மார்லோ என்ற துப்பறிவாளரைப் படைத்த ரேமண்ட் சாண்ட்லர், தன் முதல் குற்றக்கதையை அச்சில் பார்த்தபோது அவருக்கு வயது 45. அதுவரை என்ன எழுதிக்கொண்டிருந்தார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் நூலக ஆவணங்களுக்குள் நுழைந்தேன். முறையாகப் பயிற்சி பெற்றவன் இல்லை, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அவ்வளவு தடுமாற வேண்டாம் என்பதற்காக, செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: காலவரிசை போடுங்கள்

ஒரு நோட்டில் ஆண்டுகளை எழுதுங்கள். 1888, சிகாகோவில் பிறப்பு. படிப்பு லண்டனில், டல்விச் கல்லூரியில். 1908இல் சேம்பர்ஸ் ஜர்னல் என்ற இதழில் முதல் கவிதை. பிறகு லண்டன் இதழ்களில் கவிதைகள், கட்டுரைகள். 1912இல் அமெரிக்கா திரும்புகிறார். 1917இல் கனடா ராணுவம். அப்புறம் எண்ணெய் நிறுவன வேலை, அதுவும் 1932இல் பறிபோகிறது. 1933 டிசம்பரில் பிளாக் மாஸ்க் இதழில் முதல் துப்பறியும் கதை.

இப்போது நோட்டைத் தள்ளி வைத்துப் பாருங்கள். 1912க்கும் 1933க்கும் நடுவே எழுத்து என்று எதுவுமே இல்லை. இப்படிப்பட்ட ஓட்டைகள்தான் தேட வேண்டிய இடங்கள். புகழ்பெற்ற ஆண்டுகளை நமக்கு முன்னால் நூறு பேர் சல்லடை போட்டுச் சலித்திருப்பார்கள்.

படி 2: ஏற்கெனவே அச்சானது எது என்று பாருங்கள்

மேத்யூ புருக்கோலி என்ற அறிஞர் 1979இல் சாண்ட்லரின் எழுத்துகளுக்கு விரிவான நூல்விவரப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். எது எந்த இதழில், எந்தப் பதிப்பில் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதற்குப் பின் வந்தவற்றை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நான் அசடு வழிந்த கதை இது. 'பிளேபேக்' என்பது சாண்ட்லரின் கடைசி நாவல், 1958இல் வந்தது. அதே பெயரில் யூனிவர்சல் நிறுவனத்துக்காக அவர் முன்பே எழுதி, படமாகாமல் போன திரைக்கதை ஒன்று உண்டு. கதை வான்கூவரில் நடக்கிறது, மார்லோ அதில் இல்லவே இல்லை. யாரும் பார்க்காத புதையல் என்று மூன்று நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். அது 1985லேயே புத்தகமாக வந்துவிட்டது என்று நான்காம் நாள் தெரிந்தது.

படி 3: பெட்டிப் பட்டியலைப் படியுங்கள்

சாண்ட்லரின் தாள்கள் முக்கியமாக இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம், இன்னொன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம். இப்படி ஒரு தொகுப்பில் எந்தப் பெட்டியில், எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வழிகாட்டிப் பட்டியலை 'ஃபைண்டிங் எய்ட்' என்பார்கள். பெரிய நூலகங்கள் இவற்றை இணையத்திலேயே போட்டிருக்கும். வீட்டிலிருந்தே படிக்கலாம், காசு கிடையாது.

பட்டியலில் இருப்பதாலேயே ஒன்று அச்சாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பணமில்லாத நோயாளியை அமெரிக்க மருத்துவமனை நடத்தும் விதத்தைப் பற்றி சாண்ட்லர் எழுதிய சிறுகதை ஒன்று போட்லியன் தாள்களில் இருந்தது. அவர் இறந்தது 1959இல், ஸ்ட்ராண்ட் இதழில் அந்தக் கதை வெளிவந்தது 2017இல். 'தலைப்பில்லாத வரைவு', 'இதர தாள்கள்' போன்ற சலிப்பூட்டும் தலைப்புகளில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

படி 4: அடுத்தவர் பெயரில் தேடுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் உயிர்நாடியான படி. எழுத்தாளரின் பெயரை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் கிடைத்ததுதான் நமக்கும் கிடைக்கும். அவருடன் வேலை செய்தவர், அவரைச் சம்பளத்துக்கு வைத்தவர், அவருடைய நண்பர், மனைவி, மனைவியின் முன்னாள் கணவர் வரை எல்லாப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

முன்னாள் கணவரை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாண்ட்லர் 1924இல் மணந்த சிஸ்ஸி, அதற்கு முன் ஜூலியன் பாஸ்கல் என்ற இசைக்கலைஞரின் மனைவி. அந்தப் பாஸ்கல் இசையமைக்க, சாண்ட்லர் வசனமும் பாடல்களும் எழுதிய நகைச்சுவை இசைநாடகம் ஒன்று உண்டு. பெயர் 'இளவரசியும் கூவி விற்பவனும்' என்று பொருள்படும். 1917 ஆகஸ்டில் பதிப்புரிமைக்காகப் பதிவானது. அதே மாதம்தான் சாண்ட்லர் ராணுவத்தில் சேர்கிறார். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பிரதியை, கிம் கூப்பர் என்ற எழுத்தாளர் கவனித்து வெளியே சொன்னது 2014இல். நம் நோட்டில் காலியாக இருந்த அந்த இருபத்தோரு வருடத்துக்குள் இப்போது ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. அமெரிக்காவில் உரிமை பதிந்தவர்கள் பிரதியையும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவுப் பட்டியல்களின் பழைய தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. நாடகத்துக்குத் தனிப்பகுதி, இசைக்குத் தனிப்பகுதி. எழுத்து பொடியாக இருக்கும், கண் வலிக்கும், பரவாயில்லை.

திரைக்கதைகளுக்கு ஸ்டுடியோ பெயரில் போங்கள். பாரமவுண்டின் திரைக்கதைத் தொகுப்பு லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய பெவர்லி ஹில்ஸில், மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் இருக்கிறது. சாண்ட்லர் 1940களில் அந்த நிறுவனத்துக்கு வேலை செய்தவர்.

படி 5: நூலகக் காப்பாளருக்கு மின்னஞ்சல்

"சாண்ட்லர் பற்றி எல்லாம் அனுப்புங்கள்" என்று எழுதாதீர்கள். தொகுப்பின் பெயர், பெட்டி எண், கோப்பு எண், எத்தனை பக்கம், ஸ்கேன் எடுக்கக் கட்டணம் எவ்வளவு, இவ்வளவு போதும். நீங்கள் என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். பட்டியலில் ஏறாத விஷயங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

படி 6: நேரில் போக வாய்த்தால்

பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தாள்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் கூடவே கூடாது. ஒவ்வொரு படத்திலும் கோப்பு எண் தெரியட்டும். வீட்டுக்கு வந்தபின் எது எங்கிருந்து வந்தது என்று விழிக்க வேண்டியிருக்காது. போட்லியனில் இன்னொரு சடங்கு உண்டு: உள்ளே நெருப்பு கொண்டுவர மாட்டேன், புகைபிடிக்க மாட்டேன் என்று வாசகர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். வாயில் பைப்போடு படங்களில் காட்சி தரும் சாண்ட்லர் எப்படிச் சமாளித்திருப்பாரோ!

படி 7: கிடைத்ததை என்ன செய்யலாம்?

சாண்ட்லர் உயிரோடிருந்தபோது வெளியான எழுத்துகளுக்கு இந்தியாவில் பதிப்புரிமை 2019 முடிவோடு தீர்ந்தது. ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு என்பது நம் சட்டக் கணக்கு. ஆகவே அவற்றை இங்கே மொழிபெயர்த்து வெளியிடலாம். இறந்தபின் முதன்முதலாக அச்சானவற்றுக்கு அந்த 60 ஆண்டும் வெளியான ஆண்டிலிருந்துதான் தொடங்கும், அதனால் அந்த 2017ஆம் ஆண்டுக் கதையைத் தொடாதீர்கள். அச்சாகாத தாளின் ஸ்கேன் கையில் இருந்தாலும், நூலகம் கொடுத்தது படிக்கும் அனுமதி மட்டுமே. வெளியிட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.