கருப்பியின் மூக்கில் அட்டை

தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டப் பாதையில் எங்கள் நாய் கருப்பியோடு நடந்துவிட்டு வந்தோம். சில நாள் கழித்து விடாமல் தும்ம ஆரம்பித்தாள். ஒரு மூக்கில் மட்டும் ரத்தக் கசிவு. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ நெளிகிறது. ஓடையில் தண்ணீர் குடித்தபோது ஏறிய அட்டை!

காலில் ஒட்டுகிற அட்டைக்கு உப்பு போடுவோம். மூக்குக்குள் அதைச் செய்யவே கூடாது, உள்சதை புண்ணாகிவிடும். கால்நடை மருத்துவர் சொன்னபடி சில மணி நேரம் தண்ணீர் கொடுக்காமல் வைத்தோம். அப்புறம் அகலக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்கருகே பிடித்தேன். ஈரம் தேடி அட்டை வெளியே நீண்டது. இரண்டு முறை நழுவி உள்ளே போய்விட்டது. பாவம், கருப்பி அசையவே இல்லை. மூன்றாம் முறை வழுக்காதபடி காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக எடுத்தேன்.

இப்போதெல்லாம் மலைக்குப் போனால் அவளுக்கான தண்ணீர் என் பையில்தான்.