கனடாக் குளிரில் ஹைப்ரிட் கார்: பெட்ரோல் ஏன் கூடுதலாகச் செலவாகிறது, என்ன செய்யலாம்

கோடையில் டொராண்டோவுக்கு வந்து, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து இயங்கும் பழைய ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கியவர்களில் பலருக்கு டிசம்பர் பிறந்ததும் ஒரே சந்தேகம் வருகிறது: 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடித்த வண்டி இப்போது 7 லிட்டருக்கு மேல் குடிக்கிறதே, பேட்டரி போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. எந்தக் கோளாறும் இல்லாத வண்டியிலேயே இந்த அளவு வித்தியாசம் வரும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நகரத்துக்குள் ஓடும் சாதாரணப் பெட்ரோல் காரின் மைலேஜ், 25 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட மைனஸ் 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஹைப்ரிட் காரில் அந்தக் குறைவு 30 முதல் 34 சதவீதம் வரை போகலாம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடிய வண்டி 13, 14 கிலோமீட்டருக்கு இறங்குவதும், இந்த ஊர்க் கணக்கில் 5 லிட்டர் 7.5 லிட்டர்வரை ஏறுவதும் ஒன்றுதான். ஆகவே, மைலேஜ் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய பேட்டரியை மாற்ற யாரிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஹைப்ரிட் காரின் சிக்கனத்தில் பெரும்பகுதி, தேவையில்லாத நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடுவதால் கிடைப்பது. சிக்னலில் நிற்கும்போதும், நெரிசலில் மெல்ல நகரும்போதும் எஞ்சின் உறங்க, மோட்டார் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் எஞ்சினுக்கு அந்த ஓய்வு எளிதில் கிடைப்பதில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் திரவமான கூலண்ட் 80, 90 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் எஞ்சின் முழுத்திறனோடு ஓடும். குளிர்ந்த நிலையில் ஆயில் தடித்திருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சூடேறியாக வேண்டும். இதற்கு மேல், பிளக்கில் சொருகிச் சார்ஜ் செய்யாத ஹைப்ரிட் கார்களில் உள்ளே வரும் வெப்பக் காற்று பெரும்பாலும் அந்தக் கூலண்டின் சூட்டிலிருந்துதான் கிடைக்கிறது. எஞ்சின் அணைந்தால் கூலண்ட் ஆறும். ஆறினால் ஹீட்டர் சூடு கேட்கும். கேட்டதும் எஞ்சின் திரும்ப ஓடும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே எஞ்சின் திடீரென்று உயிர்பெறுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. இந்த எஞ்சின்கள் பெட்ரோலின் ஆற்றலை மற்றவற்றைவிடக் குறைவாகவே வெப்பமாக வீணடிக்கின்றன. அதனாலேயே சூடேறவும் அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன. டொயோட்டா பொறியாளர்கள் இதோடு நெடுநாள் போராடியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் 2004 முதல் 2009 வரை விற்ற பிரியஸ் என்ற ஹைப்ரிட் காரில், சுமார் 3 லிட்டர் சூடான கூலண்டை 3 நாள் வரை ஆறாமல் வைத்திருக்கும் ஃபிளாஸ்க் ஒன்றையே பொருத்தியிருந்தார்கள்; 2010 மாடலில் அதை எடுத்துவிட்டு, புகைக்குழாயில் வீணாகப் போகும் சூட்டைக் கூலண்டுக்குத் திருப்பும் அமைப்பைக் கொண்டுவந்தார்கள்.

குளிர்ந்த பேட்டரியும் மின்சாரத்தை வாங்கவும் கொடுக்கவும் தயங்கும். பிரேக் போடும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரம் அதனால் குறைகிறது. பல மாடல்களில் பேட்டரிக்கான காற்று பின் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறிய காற்றுத் துவாரம் வழியாகக் காருக்குள்ளிருந்தே போகிறது. கார் சூடேறும்போது பேட்டரிக்கும் இதமான காற்று கிடைக்கும் என்பதால், குளிர்கால ஜாக்கெட்டுகளைக் குவித்து அந்தத் துவாரத்தை அடைத்துவிடாதீர்கள்.

செய்யக்கூடியவற்றில் அதிகப் பலன் தருவது, பயணங்களைச் சேர்த்துக்கொள்வது. பிள்ளையைப் பள்ளியில் விட ஒருமுறை, பால் வாங்க ஒருமுறை, பிறகு நூலகத்துக்கு ஒருமுறை என்று 2 கிலோமீட்டர் ஓட்டங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு முறையும் ஆறிப்போன எஞ்சினைச் சூடேற்றுவதற்கே பெட்ரோல் போகிறது. தூரமான இடத்துக்கு முதலில் போய், எஞ்சின் சூடாக இருக்கும்போதே அருகிலுள்ள வேலைகளை முடித்துக்கொண்டு வீடு திரும்புங்கள். நிறுத்திய இடத்திலேயே நெடுநேரம் ஓடவிட்டுச் சூடாக்குவதில் பயனில்லை. மெதுவாக ஓட்டினால்தான் எஞ்சின் விரைவில் சூடாகும். டொராண்டோவில் 1 மணி நேரத்தில் 1 நிமிடத்துக்கு மேல் வண்டியை அப்படி ஓடவிடுவது நகர விதிப்படி குற்றமும்கூட. ஆனால் கண்ணாடிகளிலும் கூரையிலும் உள்ள பனியை முழுதாக வழிக்காமல் மட்டும் கிளம்பாதீர்கள்.

ஹீட்டரை 19, 20 டிகிரியில் ஆட்டோவில் வைத்து, எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் ஈக்கோ முறையைப் போட்டு, இருக்கைச் சூட்டைப் பயன்படுத்தினால் எஞ்சின் அடிக்கடி விழிப்பது குறையும். முன்கண்ணாடி மங்கினால் டீஃப்ராஸ்டைத் தயங்காமல் போடுங்கள். அங்கே பெட்ரோல் கணக்குப் பார்க்கக் கூடாது. வின்னிபெக், எட்மண்டன் போன்ற கடுங்குளிர் ஊர்களுக்குப் போகிறவர்கள், பிளக்கில் சொருகி எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் பிளாக் ஹீட்டரைப் பொருத்திக்கொண்டு, கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பு இயங்கும்படி டைமர் வைப்பது நல்லது. அடுக்குமாடியில் நிலத்தடிப் பார்க்கிங் கிடைத்தால் அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

டயர் காற்றை மறக்காதீர்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தாலே அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) குறையும். செப்டம்பரில் 25 டிகிரியில் நிரப்பிய டயரில் மைனஸ் 15 வரும்போது 7 பிஎஸ்ஐ காணாமல் போயிருக்கும். குளிர்கால டயர் மைலேஜைச் சற்றுக் குறைத்தாலும் அதைத் தவிர்க்காதீர்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை என்றாலும் காப்புறுதியில் தள்ளுபடி உண்டு.

உண்மையான கோளாறை எப்படி அடையாளம் காண்பது? ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகும் காரின் கணினித் தகவல்களைப் படிக்கும் விலை குறைந்த ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வாங்கி, கூலண்ட் சூட்டைக் கைபேசியில் பாருங்கள். சிக்னலில் எஞ்சின் அணைந்ததும் எண் ஒவ்வொன்றாக இறங்குவதும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஏறுவதும் இயல்பு. நெடுஞ்சாலையில் 20, 30 நிமிடம் ஓடிய பிறகும் எண் ஏறாமல், ஹீட்டரிலும் வெதுவெதுப்பான காற்றே வந்தால், சூட்டுக்கேற்பக் கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம் அல்லது கூலண்ட் குறைந்திருக்கலாம். ஸ்கேனரில் பி0128 (P0128) என்ற கோளாறுக் குறியீடு வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. தெர்மோஸ்டாட் மலிவான பாகம்தான். மெக்கானிக்கிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பெட்ரோலைவிட முக்கியமான ஒன்று. வீட்டோடு ஒட்டிய காரேஜில், கதவை மூடியபடி ஹைப்ரிட் காரை ஆன் செய்துவைத்து உட்காராதீர்கள். சத்தமில்லாமல் நிற்கும் வண்டி, குளிர் கண்டதும் தானாகவே எஞ்சினை ஓட்டத் தொடங்கும். மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகுந்து உயிரையே பறிக்கும். காரேஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். வாடகை வீட்டில் அது இல்லையென்றால் உரிமையாளரிடம் உடனே கேளுங்கள். வண்டியை விட்டு இறங்கும்போது, வண்டி ஆனில் இருப்பதைக் காட்டும், திரையிலுள்ள ரெடி விளக்கு அணைந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.